சிவப்பு விளக்கு எரியாத பழுது

பாய்லர் டிரம்மில் நீர்மட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் எரிபொருளை உடனே நிறுத்தியாக வேண்டும். தாமதித்தால் தண்ணீர் இல்லாத குழாய்கள் பழுக்கக் காய்ந்து வெடிக்கும். இந்த முடிவை எடுக்க ஆபரேட்டரின் கைக்காகக் காத்திருப்பதில்லை. கட்டுப்பாட்டு அமைப்புக்கு வெளியே, தனியாக ஒரு பாதுகாப்பு அமைப்பு வைத்திருப்பார்கள். ஆலைக்கு ஆலை அதன் பெயர் மாறும். எஸ்ஐஎஸ் என்பார்கள், இஎஸ்டி என்பார்கள், சேஃப்டி பிஎல்சி என்பார்கள். வேலை ஒன்றுதான்: மட்டத்தையோ அழுத்தத்தையோ வெப்பத்தையோ பார்த்துக்கொண்டே இருப்பது, எல்லை தாண்டினால் யாரையும் கேட்காமல் வால்வை மூடுவது. இப்படித் தானாக நிறுத்துவதைத்தான் டிரிப் என்பார்கள். அந்த அமைப்புக்கு வெளியுலகம் தெரிவது அனலாக் இன்புட் சிக்னல் வழியாகத்தான். அந்தச் சிக்னலில் பழுது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தப் பழுதுக்குப் பயப்பட வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் சிக்னலைப் புரிந்துகொள்வோம். பைப்லைனில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர், தான் அளந்ததை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. அளவு சுழியமானால் 4, பாதியானால் 12, முழு அளவானால் 20. பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களுக்கு இரண்டே கம்பிதான். 24 வோல்ட் மின்சாரம் போவதும் அதில்தான், அளவு திரும்பி வருவதும் அதில்தான். இந்தச் சுற்றைத்தான் லூப் என்பார்கள். பாதுகாப்பு அமைப்பில் சிக்னலை வாங்கும் இன்புட் கார்டுகள் பலவற்றில் இந்த மின்னோட்டம் 250 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பாய்ந்து 1 முதல் 5 வோல்ட்டாக மாறும். கார்டு அதை எண்ணாக்கும். சீமென்ஸ் கார்டில் அந்த எண் 0 முதல் 27648 வரை, டிரைகானெக்ஸில் 819 முதல் 4095 வரை. பிறகு புரோகிராம் அந்த எண்ணைப் பார், டிகிரி, மீட்டர் என்று மாற்றி, டிரிப் எல்லையோடு ஒப்பிடும்.

சுழியத்துக்கு 0 வைக்காமல் 4 வைத்தது யோசித்துச் செய்த ஏற்பாடு. கம்பி அறுந்தால் 0 மில்லி ஆம்பியர் வரும். 0 என்பது எந்த அளவையும் குறிக்காது என்பதால் பழுது என்று உடனே தெரிந்துவிடும். ஜெர்மனியில் தோன்றிய நமூர் என்ற பயனாளர் சங்கத்தின் என்இ 43 பரிந்துரை இதை இன்னும் நுணுக்கமாக வகுத்தது. 3.8 முதல் 20.5 வரை வந்தால் அது அளவு. 3.6-க்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே போனாலோ டிரான்ஸ்மிட்டர் தனக்கே உடம்பு சரியில்லை என்று சொல்கிறது. பாதுகாப்புக் கார்டு இதைப் பிடித்து, அந்தச் சானலின் விளக்கைச் சிவப்பாக்கி, அலாரம் கொடுக்கும்.

இப்படித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பழுதுகள் நல்ல பழுதுகள். ஃபியூஸ் போயிருக்கும், ஃபெரூல் தளர்ந்திருக்கும், பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும், டிரான்ஸ்மிட்டரின் போர்டு போயிருக்கும். மல்டிமீட்டரோடு போனால் சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். நம்மை வீழ்த்துவது வேறு வகை. 3.8-க்கும் 20.5-க்கும் நடுவில், எல்லா விளக்கும் பச்சையாக, திரையில் நம்பத் தகுந்த ஓர் எண்ணோடு, தவறாக வரும் சிக்னல்தான் அது.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். 170 அடி உயர வடிகோபுரம் ஒன்றை இயக்கத் தொடங்கியபோது, உள்ளே திரவம் ஏறிக்கொண்டே போனது. அடிப்பகுதியின் சில அடிகளை மட்டும் அளக்கும் டிஸ்பிளேசர் வகை மட்ட டிரான்ஸ்மிட்டர் அங்கே இருந்தது. அந்த டிஸ்பிளேசர் முழுக்க மூழ்கிய பிறகு அதனால் மட்டத்தை அளக்க முடியாது. அதன் மேல் செயல்படும் மிதப்பு விசை திரவத்தின் அடர்த்தியை மட்டும்தான் காட்டும். திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்தது. டிரான்ஸ்மிட்டரின் அளவும் மெல்லக் குறைந்தது. விபத்துக்குச் சற்று முன்பு உண்மை மட்டம் 158 அடி. திரையில் இருந்ததோ 7.9 அடி, அதுவும் இறங்குமுகமாக. டிரான்ஸ்மிட்டரின் கேலிபரேஷனும் தவறாக இருந்தது. தனியாக வைத்திருந்த உயர்மட்ட அலாரம் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. சைட் கிளாஸ் அழுக்கேறிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தது. மட்டம் மிகுந்தால் உள்ளே வரும் ஓட்டத்தைத் தானாக நிறுத்தும் டிரிப்பும் அந்தக் கோபுரத்துக்கு இல்லை. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அன்றைக்கு அந்த மட்டக் கருவியின் லூப்பில் கம்பி அறுந்ததாக எந்த அடையாளமும் இல்லை. அளவு மட்டும் பொய்.

ஆகவே பழுது பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, கார்டு பச்சையாக இருக்கிறதா என்பதல்ல. நான்கு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான். பைப்லைனில் உண்மையில் என்ன அளவு, பக்கத்தில் உள்ள கேஜோ சைட் கிளாஸோ என்ன சொல்கிறது என்பது முதல் எண். டிரான்ஸ்மிட்டர் தனக்குள் என்ன அளந்திருக்கிறது, எத்தனை மில்லி ஆம்பியர் அனுப்புவதாக நினைக்கிறது என்பது இரண்டாவது. டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவியான ஹார்ட் கம்யூனிகேட்டரைச் செருகினால் இது தெரியும். கார்டுக்கு வந்து சேரும் மில்லி ஆம்பியர் மூன்றாவது. புரோகிராமில் தெரியும் பார் அல்லது மீட்டர் அளவு நான்காவது. முதல் எண்ணும் இரண்டாவதும் ஒத்துப்போகாவிட்டால் பழுது பைப்லைனையும் டிரான்ஸ்மிட்டரையும் இணைக்கும் இம்பல்ஸ் லைனிலோ கேலிபரேஷனிலோ இருக்கிறது. இரண்டும் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் கேபிளில். மூன்றும் நான்கும் ஒத்துப்போகாவிட்டால் கார்டிலோ ஸ்கேலிங்கிலோ. இந்த வரிசையை மனதில் வைக்காமல் டிரான்ஸ்மிட்டரை மாற்று, கார்டை மாற்று என்று இறங்குகிறவர்கள், நல்ல கருவியைக் கழற்றிவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன் டிரெண்டை, அதாவது அளவு நேரப்போக்கில் மாறிய கோட்டைப் பாருங்கள். அளவு எப்போது மாறியது? ஒரே தாவலில் மாறியதா, நாள்கணக்கில் நகர்ந்ததா? அதே நேரத்தில் பக்கத்து மோட்டார் ஓடத் தொடங்கியதா, மழை பெய்ததா, யாராவது அந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார்களா? உண்மையான அளவு எப்போதும் சற்றேனும் அசைந்துகொண்டே இருக்கும். கோடு போட்டதுபோல் அசையாமல் நிற்கும் டிரெண்டும் பழுதின் அடையாளம்தான். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை 3 மணிக்குச் சற்றுப் பின் 912ஆம் தொட்டியின் மட்டக் கருவி அப்படித்தான் நின்றுபோனது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது, திரையில் மட்டம் ஏறவில்லை. தனி உயர்மட்ட ஸ்விட்சும் செயல்படாததால் தொட்டி நிரம்பி வழிந்தது. காலை 6.01-க்கு பெட்ரோல் ஆவி வெடித்தது.

அடுத்தது பைபாஸ். ஓடுகிற ஆலையில் லூப்பைக் கழற்றினால் மின்னோட்டம் 0 ஆகும், ஆலை டிரிப் ஆகலாம். அதனால் வேலைக்கு முன் அந்த இன்புட்டைப் பைபாஸில் போடுகிறோம், அதாவது அதனால் டிரிப் வராதபடி தடுத்து வைக்கிறோம். முக்கியமான இடங்களில் மூன்று டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கும்; மூன்றில் இரண்டு எல்லை தாண்டினால்தான் டிரிப். ஒன்றைப் பைபாஸில் போட்டால் மீதி இரண்டும் எப்படி ஓட்டுப் போடும் என்பதைப் புரோகிராமில் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று மாறினால், அடுத்ததில் சிறு தடுமாற்றம் வந்தாலும் ஆலை நிற்கும். இரண்டில் இரண்டு என்று மாறினால், அடுத்தது கெட்டுப்போகும் நேரத்தில் பாதுகாப்பே இருக்காது. ஒரே டிரான்ஸ்மிட்டர் உள்ள லூப்பில் பைபாஸ் என்றால் அந்த நேரம் முழுக்கப் பாதுகாப்பு இல்லை என்றே பொருள். ஐஇசி 61511 தரம் இதனால்தான் பைபாஸுக்கு ஈடாக வேறு ஏற்பாடு கேட்கிறது. எடுத்துக்காட்டாக, லோக்கல் கேஜ் முன்னால் ஓர் ஆள், கையில் வாக்கிடாக்கி, எந்த அளவில் எதை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள். பர்மிட்டில் கையெழுத்து வாங்கியதால் மட்டும் ஈடு ஆகிவிடாது.

இன்னொன்று. மின்னோட்டத்தை அளக்க லூப்பை அறுத்து மீட்டரைச் செருக வேண்டிய கட்டாயம் இல்லை. மில்லி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைக்கிறது. பல டிரான்ஸ்மிட்டர்களில் டெஸ்ட் டெர்மினல் இருக்கிறது. 250 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வோல்டேஜ் பார்த்தாலும் போதும்: 3 வோல்ட் என்றால் 12 மில்லி ஆம்பியர்.

இனி, மறைந்திருக்கும் பழுதுகளில் எனக்கு மிகவும் கவலை தருகிற இரண்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, 20-ஐ எட்ட முடியாத லூப். கணக்கு எளிது. மின்சாரம் 24 வோல்ட். டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 வோல்ட்தான் கேபிளுக்கும் கார்டுக்கும் மற்றவற்றுக்கும். 20 மில்லி ஆம்பியர் பாய வேண்டுமானால் லூப்பின் மொத்தத் தடை 600 ஓமுக்கு மேல் போகக் கூடாது. கார்டில் 250, வெடி ஆபத்துள்ள பகுதிக்கான ஜீனர் பாரியரில் ஏறத்தாழ 300, 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒரு கிலோமீட்டருக்குப் போய்வர ஏறத்தாழ 25. ஆக 575. எல்லைக்குள்தான் இருக்கிறது. இப்போது ஜங்ஷன் பாக்ஸில் ஒரு டெர்மினல் துருப்பிடித்து 100 ஓம் கூடுகிறது. 675 ஆகிவிட்டது. 12 வோல்ட்டை 675-ஆல் வகுத்தால் 17.8 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் இந்த லூப்பால் போகவே முடியாது.

அன்றாட அழுத்தம் 50 சதவீதத்தில் ஓடுகிறது, அதாவது 12 மில்லி ஆம்பியர். அங்கே எல்லாம் துல்லியமாக இருக்கும். பக்கத்து டிரான்ஸ்மிட்டரோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உயர் அழுத்த டிரிப் 90 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள், அதாவது 18.4 மில்லி ஆம்பியரில். அழுத்தம் நிஜமாகவே அங்கே போகும் நாளில் சிக்னல் 17.8-இல், 86 சதவீதத்தில் நின்றுவிடும். டிரிப் வராது. ஒவ்வொரு நாளும் சரியாகக் காட்டிய லூப், தேவைப்படும் அந்த ஒரு நாளில் கைவிடும்.

இதைக் கண்டுபிடிக்க நேரான வழி, பைபாஸ் போட்டு, கம்யூனிகேட்டரில் லூப் டெஸ்ட் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை 20 மில்லி ஆம்பியர் அனுப்பச் சொல்வதுதான். அதே நிலையில் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். கார்டு பக்கம் சிமுலேட்டரை வைத்து 4, 8, 12, 16, 20 கொடுத்துப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது பரவலான வழக்கம். அந்தச் சோதனை கார்டை மட்டும் சோதிக்கிறது. துருப்பிடித்த டெர்மினல் சிமுலேட்டருக்கு அப்பால் இருக்கிறது. சிக்னலை டிரான்ஸ்மிட்டரிலிருந்தே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, கசிவு. கிளாண்டு சரியாக இறுக்காத ஜங்ஷன் பாக்ஸில் மழைக்காலத்தில் ஈரம் சேர்கிறது. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் டெர்மினல் மேல் ஒரு மெல்லிய ஈரப்படலம். அது 12,500 ஓம் தடையாக இருந்தால், அங்கே 20 வோல்ட் இருக்கும்போது 1.6 மில்லி ஆம்பியர் அதன் வழியே பாயும். டிரான்ஸ்மிட்டர் அனுப்புவது 7.2, அதாவது 20 சதவீதம். கார்டுக்குப் போவது அதோடு கசிவும் சேர்ந்து 8.8, அதாவது 30 சதவீதம். கம்பிகளுக்கு இடையிலான கசிவு எப்போதும் அளவைக் கூட்டித்தான் காட்டும். அழுத்தம் மிகுந்தால் டிரிப் ஆகும் லூப்பில் இது வந்தால் ஆலை தேவையில்லாமல் நிற்கும். எரிச்சல்தான், ஆபத்து இல்லை. பாய்லர் டிரம் போல் மட்டம் குறைந்தால் டிரிப் ஆகும் லூப்பில் வந்தால் நிலைமை தலைகீழ். தண்ணீர் 20 சதவீதத்துக்கு இறங்கியபோது கார்டு 30 என்று பார்க்கிறது. டிரிப் வர வேண்டிய இடத்தில் வராது. ஒரே ஈரம், ஒரே 1.6 மில்லி ஆம்பியர், ஆனால் டிரிப்பின் திசையைப் பொறுத்துத் தொல்லையாகவோ கொலையாகவோ ஆகும். பழுது பார்க்கிறவர் தன் கையில் இருக்கும் லூப் எந்தத் திசையில் டிரிப் ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தொடர் லூப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே மின்னோட்டம்தான் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் பக்கம் 7.2-உம் கேபினெட் பக்கம் 8.8-உம் இருந்தால் நடுவில் கசிவு இருக்கிறது, தேடுங்கள். இங்கே சிலர் செய்யும் ஒரு காரியத்தை ஏற்கவே முடியாது. கார்டில் 8.8 வருகிறதே என்று டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட் டிரிம்மை மாற்றி, கார்டில் 7.2 வரும்படி செய்துவிடுவார்கள். எண்கள் ஒத்துப்போகும், வேலை முடிந்ததாக எழுதப்படும். ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் அப்படியே இருக்கும். வெயில் வந்து ஈரம் காய்ந்ததும் அளவு எதிர்ப்பக்கம் தவறும். டிரிம் கொடுப்பது, கேபிளில் குறையில்லை என்று உறுதியான பிறகுதான். கேபிளின் காப்பை மெக்கரில் சோதிப்பதானால் இரு பக்கமும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மெக்கரின் 500 வோல்ட் கார்டையும் டிரான்ஸ்மிட்டரையும் கெடுத்துவிடும்.

மற்றவை அடிக்கடி வருபவை, அவற்றுக்குக் குறைவான விளக்கமே போதும். கேபிள் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்திருந்தால் சிக்னல் நடுங்கலாம். பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வது வழக்கம். மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒரே டிரேயில் சிக்னல் கேபிள் போனாலும் சிக்னல் நடுங்கலாம். நடுக்கத்தை மறைக்க டேம்பிங்கைக் கூட்டி வைப்பது தவறு, டிரிப்பும் அத்தனை தாமதமாகும். டிரான்ஸ்மிட்டரை மாற்றும்போது பழையது 0 முதல் 16 பார், புதியது 0 முதல் 10 பார் என்றிருந்தால் 12 மில்லி ஆம்பியருக்கு உண்மை 5 பார், புரோகிராமில் 8 பார். ஃபுளோ லூப்பில் வர்க்கமூலம் டிரான்ஸ்மிட்டரிலும் புரோகிராமிலும் இரண்டு முறை எடுக்கப்பட்டால் 50 சதவீத ஓட்டம் 71 சதவீதமாகத் தெரியும். அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிபி டிரான்ஸ்மிட்டரின் கேலிபரேஷன் முடிந்து ஈக்வலைசிங் வால்வை மூட மறந்தால் அந்த வித்தியாசம் சுழியம். லூப் டெஸ்டிலிருந்து வெளியே வராமல் கம்யூனிகேட்டரைக் கழற்றினால் டிரான்ஸ்மிட்டர் அதே மின்னோட்டத்தில் நின்றுவிடக்கூடும். குறைந்தால் டிரிப் ஆகும் லூப்பில் டிரான்ஸ்மிட்டரின் பழுதுத் திசையை 21-க்கு மேல் என்று வைத்து, புரோகிராமும் அதைப் பழுதாகப் பார்க்காமல் விட்டால், கெட்டுப்போன டிரான்ஸ்மிட்டர் மட்டம் நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்று டிரான்ஸ்மிட்டரும் ஒரே அளவைக் காட்டுகின்றன, எனவே சரி என்று முடிவு செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். மூன்றும் ஒரே டேப்பிங்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு துளை அடைத்தால் மூன்றும் சேர்ந்து நிற்கும். மூன்றுக்கும் ஒரே தவறான அடர்த்தி கொடுத்திருந்தால் மூன்றும் ஒன்றுபோலத் தவறும். டிரம் மட்டத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதும் கொதிக்கும்போதும் அடர்த்தி வேறு. அதற்கான திருத்தம் தவறாக இருந்தால் ஓட்டெடுப்பால் பயனில்லை. இங்கேதான் முதல் எண், நேரில் போய்ப் பார்க்கும் கேஜ் கண்ணாடி, மற்ற மூன்று எண்களையும் விட மதிப்புள்ளதாகிறது. அதைத் துடைத்து வைத்திருப்பதும் பாதுகாப்பு வேலைதான்.

பழுது நீங்கிய பிறகு லூப்பை டிரிப் எல்லையைத் தாண்டும் வரை கொண்டுபோய், புரோகிராமில் டிரிப் கேட்கப்படுவதைப் பாருங்கள். ஆலை நின்றிருக்கும் வேளையானால் வால்வு மூடுவது வரை பாருங்கள். டிரான்ஸ்மிட்டரின் ரைட் புரொடெக்டைப் பூட்டுங்கள். ஃபோர்ஸ், பைபாஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எடுக்கப்பட்டுவிட்டதைத் திரையில் இன்னொருவரும் பார்க்கட்டும்.

கடைசியாக, இந்தத் துறையில் இருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். லாக் புக்கில் "செக் செய்தேன், ஓகே" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். நான்கு எண்களையும் எழுதுங்கள். 20 மில்லி ஆம்பியரில் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதுங்கள். பைபாஸ் போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே லூப்பைத் திறக்கிறவர், அந்த வோல்டேஜ் ஒரு வோல்ட் குறைந்திருப்பதைப் பார்த்தாலே எந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.